இடது காதில் அணு, வலது காதில் ஆன்மா

அலுவலகத்தில் அவளுக்குப் பெடல் அக்கா என்று பெயர். அவள் மேசைக்கு அடியில் தையல் மிஷின் மிதிகட்டையின் குட்டி போல ஒன்று கிடக்கும். மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் நாலு வார்த்தை பின்னால் போய் மறுபடி சொல்லும். காது கேட்பதை விரல் எழுத்தாக்கும், இரண்டுக்கும் நடுவில் கால் பஞ்சாயத்து பண்ணும். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

அந்தக் காதுகளுக்குள் போகாத ஆள் கிடையாது. சொற்பொழிவாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், விசாரணையில் சாட்சி சொன்னவர்கள், படுத்த படுக்கையாகக் கிடந்து சுயசரிதை சொல்லி ஆறாவது அத்தியாயத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட்ட ஒரு பெரிய மனிதர். யார் எந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார், யார் பொய் சொல்லும் முன் தண்ணீர் கேட்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயில் இன்னொருவர் சொல்லை அவள் வைத்ததில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அது.

அந்தக் கர்வத்தால் வீட்டில் அதிகம் அவதிப்பட்டவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அவர் ஆரம்பித்தால் போதும்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஒரு கால்ல சாக்ஸ் மாட்டிக்கிட்டே சொன்னீங்க. 'உன் தங்கச்சி வந்தா வரட்டும், எனக்கென்ன'ன்னீங்க. 'எனக்கென்ன'வுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு."

"உன்னைக் கட்டினதுக்கு ஒரு டேப் ரெக்கார்டரைக் கட்டியிருந்தா, பட்டனைத் தட்டி அணைச்சாவது வெச்சிருக்கலாம்" என்பார் அவர். அதையும் அவள் தேதியோடு ஞாபகம் வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த அண்ணன் தம்பி வேலை வந்து சேர்ந்தது.

அண்ணன் இயற்பியல் பேராசிரியர். தம்பி இந்தியத் தத்துவப் பேராசிரியர். இருவரும் ஓய்வு பெற்றவர்கள், இருவருக்கும் பெயர் இருந்தது, பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குடும்பத்தில் ஏதோ ஒரு கூட்டத்தில் "இவ்வளவு படிச்சும் புத்தி வரலை" என்று ஒருவர் இன்னொருவரைச் சொல்லியிருக்கிறார். சொன்னது தம்பி என்று அண்ணன் சொல்வார், அண்ணன் என்று தம்பி. சொல்லப்பட்டது உறுதி. சொன்னது யார் என்பதில் இரண்டு வீடும் இரண்டு கட்சி.

பெடல் அக்காவின் நிறுவனம் அறிஞர்களை உட்கார வைத்துப் பேசவிட்டு, பேச்சைப் புத்தகமாகப் போடுவது. 'மெய்ம்மை என்பது எது' என்று நவீன அறிவியலும் தத்துவமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எப்படியிருக்கும் என்று மேலாளருக்குத் தோன்றியது. இரண்டு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். "அவர் ஒத்துக்கிட்டாரா?" என்று இருவருமே கேட்டிருக்கிறார்கள். "ஒத்துக்கிட்டார்" என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறார் மேலாளர். சொன்ன நேரத்தில் இரண்டுமே பொய், சாயங்காலத்துக்குள் இரண்டும் மெய்யாகிவிட்டன. மெய்ம்மையைப் பற்றிய புத்தகத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

எட்டு வாரம், எட்டு அமர்வு. சட்டையில் குத்தும் மைக் ஆளுக்கு ஒன்று, ஒலிப்பதிவாளர் மாட்டிவிடுவார். அண்ணன் பேசுவது இடது தடத்தில் பதியும், தம்பி பேசுவது வலது தடத்தில். அலுவலகத்தில் உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: அணு ஐயா, ஆன்மா ஐயா.

சிக்கல் என்னவென்றால் இருவருக்கும் ஒரே தொண்டை. ஒரே கரகரப்பு, ஒரே இழுவை, வாக்கியத்தின் வாலில் ஒரே மாதிரி ஒரு 'இல்லையா'. இரண்டாவது அமர்வின் பதிவைக் கேட்கும்போதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது, இதில் குரலை நம்பிப் பயனில்லை, காதைத்தான் நம்ப வேண்டும் என்று. இடது காதில் அணு, வலது காதில் ஆன்மா.

அதே சமயத்தில் மேலாளர் ஒரு மென்பொருளை வாங்கி வைத்திருந்தார். ஒலிப்பதிவை ஒரு வாயில் போட்டால் மறு வாயில் எழுத்தாக வந்து விழும். வருஷக் கடைசியில் மேலிடம் முடிவெடுக்கும்: மெஷினா, பெடல் அக்காவா. சோதனைக்கு இந்தப் பதிவையே கொடுத்தார்கள். மெஷின் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டது. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே ஆள் பேசியதாக எழுதியிருந்தது. பேசுபவர் ஒன்று, பேசுபவர் ஒன்று, பேசுபவர் ஒன்று. தனக்குத் தானே கேள்வி கேட்டு, தானே மறுத்து, தானே கோபித்துக்கொள்ளும் ஓர் ஒற்றை ஆத்மா.

"நம்ம மெஷின் பத்து நிமிஷத்துல அத்வைதி ஆயிடுச்சு அக்கா" என்றார் மேலாளர். "ஆன்மா ஐயாவுக்கே நாப்பது வருஷம் ஆச்சு."

"அப்ப நான்?"

"நீங்கதான் ரெண்டு பேரையும் ரெண்டு பேரா வெச்சிருக்கீங்க. இந்தப் புத்தகம் நல்லா வந்துட்டா, நீங்க இங்கேயே ஓய்வு பெறலாம். மேலே நான் பேசிக்கிறேன்."

ஆக, ஐம்பத்தொரு வயதில் அவள் வேலை நிலைப்பது இந்த ஒன்றை நம்பித்தான்: எதை யார் சொன்னார் என்று எழுதுவது.

முதல் மூன்று அமர்வுகளில் அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவரவர் அவரவர் வீட்டு வாசலில் நின்று பேசினார்கள்.

"இந்த மேசையைத் தட்டுறேன், கெட்டியா இருக்கு. ஆனா உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். கெட்டிங்கிறது என் கையும் மேசையும் சேர்ந்து போட்டுக்கிட்ட ஒப்பந்தம், இல்லையா?" என்றது இடது காது.

"கனவுல தட்டினாலும் கெட்டியாத்தான் இருக்கும். முழிச்ச பிறகுதான் மேசை போகும். இந்த முழிப்புக்கு அப்புறம் இன்னொரு முழிப்பு இருந்தா இந்த மேசை என்ன ஆகும்?" என்றது வலது காது.

"அதுவரைக்கும் டீயை அது மேல வைக்கலாம் இல்லையா?"

"வைங்க. ஆறிடப் போகுது."

இவ்வளவு பேசியும் ஒருவர் தம்பி என்று கூப்பிடவில்லை, மற்றவர் அண்ணா என்று கூப்பிடவில்லை. 'அவர் சொன்னதுபோல' என்று எட்டு வாரமும் மைக்கைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

நாலாவது அமர்வில் இருவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உன் சரக்கை உன்னைவிட நான் நன்றாக அறிவேன் என்று காட்ட வேண்டாமா? அணு ஐயா மாயை, சாட்சி, பிரமாணம் என்று இறங்கினார். ஆன்மா ஐயா இரட்டைப் பிளவுச் சோதனை, அளவெடுக்கும் வரை துகளுக்கு இடமே கிடையாது என்று ஏறினார். விருந்துக்குப் போன வீட்டில் அடுக்களைக்குள் நுழைந்து, அந்த வீட்டுக் கரண்டியாலேயே அந்த வீட்டுக்காரருக்குப் பரிமாறுகிற மாதிரி.

சரியாக அந்த வாரம் பெடல் அக்காவின் இடது காதில், தோடு போடும் ஓட்டையில் புண் வந்தது. ஹெட்ஃபோனின் இடது பக்கத்துப் பஞ்சுறை ஏற்கெனவே கிழிந்து, உள்ளிருந்த பிளாஸ்டிக் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அது புண்ணில் உரசியபோது உயிர் போயிற்று. அவள் செய்தது ரொம்பச் சின்னக் காரியம். ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். நல்ல பஞ்சு புண் காதுக்கு, கிழிசல் நல்ல காதுக்கு. இடம் வலம் என்று அதில் இருந்த எழுத்துகள் தேய்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் புண் ஆறியது. ஏழாவது அமர்வுக்கு முன் ஹெட்ஃபோனைப் பழையபடி மாட்டினாள். இடையில் நடந்ததைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. செருப்புக் கடித்த காலுக்குத் துணி சுற்றியவள், துணியை அவிழ்த்த பிறகு அதை யோசிப்பாளா?

பிழை பார்க்கும் பிரதி இருவருக்கும் போயிற்று. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு இருவரும் திருப்பி அனுப்பினார்கள். அணு ஐயா கால்புள்ளிகளை மட்டும் திருத்தியிருந்தார். ஆன்மா ஐயா ஐந்தாம் அமர்வின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இதை நான் இவ்வளவு தெளிவாகவா சொன்னேன்!'

மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் புது ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். புதன்கிழமை காலையில் வந்து, "பின்னட்டைக்கு ரெண்டு வரி வேணும் அக்கா. ஆளுக்கு ஒண்ணு. இருக்கிறதுலேயே நல்லதா" என்றார்.

அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் அமர்வில் அணு ஐயா பெயரில் ஒன்று: 'உலகம் பொய்யில்லை, அதற்கு நாம் எழுதி வைத்த பட்டியல்தான் அவசரத்தில் எழுதியது.' அதற்குப் பதிலாக ஆன்மா ஐயா பெயரில் ஒன்று: 'யாரும் பார்க்காதபோது உலகம் இருக்கிறதா என்று கேட்பதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.' எடுத்து எழுதும் முன் மூலத்தை ஒரு முறை கேட்டுவிடுவது அவள் வழக்கம். புது ஹெட்ஃபோனை மாட்டி, பெடலை மிதித்தாள்.

உலகம் பொய்யில்லை என்று வலது காது சொன்னது.

குதிகாலால் தட்டினாள். மறுபடியும் வலது காது. ஹெட்ஃபோனைக் கழற்றி, அடையாளம் பார்த்து, துடைத்து, மாட்டினாள். வலதுதான். அவள் கை தானாகப் போய் இடது காதுத் தோட்டைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

நாலு, ஐந்து, ஆறு. மூன்று அமர்வு, நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அண்ணன் சொன்னதெல்லாம் தம்பி வாயில், தம்பி சொன்னதெல்லாம் அண்ணன் வாயில். சம்பந்தப்பட்ட இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, அதில் ஒருவர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவுதானா? ஒரு தடவை ஏழு மாடிக் கட்டடத்துல மேலே போற பட்டனுக்கும் கீழே வர்ற பட்டனுக்கும் வயரை மாத்திக் குடுத்துட்டேன். ஒரு மாசம் ஒருத்தரும் புகார் சொல்லலை. தாங்கதான் தப்பா அமுக்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நானே போய் மாத்தினேன். அதுக்கப்புறம்தான் புகார் வந்துச்சு. லிஃப்ட் சரியில்லைன்னு."

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் முகத்தில் இருந்த ரத்தம் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கிப்போனது.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட. இப்ப உங்ககிட்ட."

"அப்ப யார்கிட்டயும் சொல்லலைன்னே வெச்சுக்குவோம். காதும் காதும் வெச்ச மாதிரி."

"காதுலதான் சார் வினையே."

"அக்கா, யோசிங்க. மெஷின் ரெண்டு பேரையும் ஒருத்தர்னுச்சு. நீங்க ரெண்டு பேரையும் மாத்திப் போட்டிருக்கீங்க. எது பெரிய தப்புன்னு மேலே கேட்டா நான் என்ன சொல்வேன்? வருஷக் கடைசி வரைக்கும்கூட உங்களை வெச்சுக்க மாட்டாங்க."

"தெரியும். ஆனா அந்த மெஷின் ஒருத்தர் பேச்சைப் பிடுங்கி இன்னொருத்தர்கிட்ட குடுக்கலையே. கூப்பிடுங்க சார். அவங்க திட்டட்டும். திருத்திட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

அவர் கூப்பிட்டார். பத்தரை மணிக்கு இருவரும் வந்தார்கள். நீள மேசையின் ஒரே பக்கத்தில், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். அக்கா கிழிந்த ஹெட்ஃபோனை மேசை மேல் வைத்தாள். காது, புண், பஞ்சு, மூன்று வாரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வாக்குமூலங்களை எத்தனையோ டைப் அடித்திருக்கிறாள், கொடுத்தது இதுதான் முதல் தடவை. பிறகு பதிவை ஓடவிட்டாள்.

உலகம் பொய்யில்லை என்றது குரல்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார் அணு ஐயா.

"ஐயா, இது வலது தடம். தம்பி ஐயாவோட மைக்."

"குரல் என்னோடது."

"ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தான் ஐயா. அதனாலதான் இந்த வம்பே."

அவர் முன்னால் சாய்ந்தார். "மைக் மாட்டினது யாரு? அன்னைக்கு அந்த ஆள் மாத்தி மாட்டியிருக்கலாம் இல்லையா?"

"ஒலிப்பதிவாளர் எட்டு வாரமும் ஒரே மாதிரிதான் மாட்டினார். எழுதி வெச்சிருக்கார்."

"எழுதி வெச்சதெல்லாம் ஆதாரம் ஆயிடாதும்மா" என்றார், ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளாலேயே பேராசிரியரான மனிதர்.

அக்கா விடவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டினாள். ஒரு இடத்தில் 'கீ கீ' என்று ஒரு சத்தம். "இது உங்க கைக்கடிகாரம் ஐயா. மணிக்கு ஒரு தடவை அடிக்கும். பாருங்க, இடது தடத்துல பலமா கேட்குது. அப்ப இடது தடம் உங்களோடது."

சொல்லி வாய் மூடவில்லை, பதினோரு மணி ஆயிற்று. அவர் மணிக்கட்டில் அதே 'கீ கீ'. அறையில் இருந்த நாலு பேரும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

"கடிகாரம் அங்கே இருந்ததுக்கு அது அத்தாட்சி. பேசினதுக்கு இல்லை."

அக்கா நம்பிக்கையோடு தம்பி பக்கம் திரும்பினாள். பறிபோனது அவருடைய வரி. அவராவது கேட்க மாட்டாரா?

"தம்பி ஐயா, நீங்க சொல்லுங்க. இந்த வரியை நீங்கதானே சொன்னீங்க?"

ஆன்மா ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல வரிதான். ஆனா என்னோடது அது இல்லைம்மா. என்னோடது அடுத்தது. யாரும் பார்க்காதபோது உலகம் இருக்கான்னு கேட்கவும் ஒரு ஆள் வேணும்ங்கிறது. போன வாரம் ஒரு கூட்டத்தை அதை வெச்சுத்தான் ஆரம்பிச்சேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"அந்த வரியை என் மனைவி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா" என்றார் அண்ணன். "அந்த வரின்னா பட்டியல் வரி. என்னோடது."

"ஐயா, காது கேட்குது. இந்தக் காதுல கேட்குது" என்றாள் அக்கா. வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"எந்தக் காதுல கேட்டுச்சுங்கிறது காதோட அனுபவம்" என்றார் ஆன்மா ஐயா கனிவாக. "சொன்னது யாருங்கிறதை அதை வெச்சுத் தீர்மானிக்க முடியாது. புலன் ஏமாத்தும்னு ரெண்டாவது அமர்வுலயே சொல்லியிருக்கேன். நீங்களே டைப் பண்ணியிருக்கீங்க."

"அவன் சொல்றது சரி" என்றார் அணு ஐயா. "கருவியில பிழை இருந்துச்சுன்னு இந்த அம்மாவே ஒத்துக்கிறாங்க. கிழிஞ்ச கருவி. அப்புறம் அந்தக் கருவியோட தீர்ப்பை எப்படி நம்புறது? இவங்க மாத்திட்டதா நினைக்கிறாங்க. மாத்தலை."

அந்த நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தைத் தூக்கி நிறுத்த வந்த அக்காவின் காது அந்த நேரத்திலும் தன் வேலையைச் செய்தது. எட்டு வாரம் 'அவர்'. இப்போது 'அவன்'. தம்பிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"பதினோரு வருஷத்துல நான் சொன்னதை இவர் சரின்னு சொல்றது இதுதான் முதல் தடவை. இதையும் டைப் பண்ணிடுங்கம்மா."

"இன்னைக்கு மைக் போடலையே ஐயா" என்றாள் அவள்.

அண்ணன் கிழிந்த ஹெட்ஃபோனை எடுத்துப் பஞ்சை விரலால் அழுத்தினார். "அன்னைக்கும் போட்டிருக்கணும். நம்ம வீட்டுல. யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சுபோயிருக்கும்."

"போட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"நீ?"

தம்பி தொண்டையைச் செருமினார். அண்ணனும் செருமினார். எது எவருடையது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. எழுந்து, காலி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, ஒரே லிஃப்டில் இறங்கிப் போனார்கள். போகும் முன் மேலாளர் நீட்டிய தாளில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்: பேச்சு மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது, எழுதியவரின் கவனத்தைப் பாராட்டுகிறோம்.

அந்தத் தாளை மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பினார். மெஷின் வேறு பிரிவுக்குப் போயிற்று. புத்தகம் வந்தது. 'இருவரும் தத்தம் துறையின் எல்லையைக் கடந்து பேசுவது நாலாம் அமர்வில் தொடங்குகிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. பெடல் அக்கா இங்கேயே ஓய்வு பெறலாம் என்று முடிவாயிற்று. இருபத்திரண்டு வருஷம் பிழையில்லாமல் எழுதியபோது கிடைக்காத பாராட்டு, பிழைவிட்ட அன்று கிடைத்தது. அதைப் பிழை என்று சொல்வதற்கு அவளைத் தவிர உலகத்தில் ஆளில்லை.

பதிவுகளை அலமாரியில் வைக்கும் நாளன்று அந்த மூன்று உறைகளின் மேலும் பேனாவால் எழுதினாள்: 'புத்தகத்தில் பேசியவர் பெயர் மாறியிருக்கிறது. கேட்பவர் ஹெட்ஃபோனைப் பார்த்து மாட்டவும்.' தேதி போட்டாள். யாராவது எப்போதாவது எடுப்பார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கையின் போன் வந்திருந்த பேச்சு எழுந்தது. கணவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல ஆரம்பித்தார்.

"உன் தங்கச்சியை வர வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? நான் அப்படிச் சொல்லவே இல்லை. நீதான் சொன்னே."

கிழமை, நேரம், பெருமூச்சு எல்லாம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. கால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

"சரி, நான் சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள்.

அவர் ஒரு காலுறையோடு நிமிர்ந்தார். எழுந்து வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்லையே" என்றார். பிறகு தயங்கி, "நான்தான் சொன்னேன்னு நினைக்கிறேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை, இல்லையா?"

"செவ்வாய் சொன்னது வேற. இது திங்கக்கிழமை" என்றாள் பெடல் அக்கா.